குண்டு ஏறிய குழியில் ஆள் இறங்கலாமா?

மண்ணுக்குள் ஜொகூர் – தொடர் 6

சிங்கப்பூரின் சாங்கி முனையில் பெங்கேராங் படகுக்குக் கால அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். சேரவில்லையென்றால் காத்திருக்கலாம், அவசரமென்றால் மிச்ச இருக்கைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ஏறலாம். சனி, ஞாயிறுகளில் சைக்கிளோடு வருபவர்கள் அதிகம். சுங்கை ரெங்கிட்டில் சிங்கி இறால் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பும் கூட்டம் அது. இடப்பக்கம் தெக்கோங் தீவு நகர்ந்து போக, எதிரே ஜொகூரின் தென்கிழக்கு முனை வரும். அங்கே தஞ்சோங் பெங்கெலி படகுத்துறைக்குப் பக்கத்தில் காடு மூடிய ஒரு குன்று. சைக்கிள்காரர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

குன்றுக்குள் ஒரு கோட்டை இருக்கிறது.

1930களில் பிரிட்டன் செம்பாவாங்கில் மாபெரும் கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டியது. ஆறு கோடி பவுன் செலவு என்பது பலரும் சொல்லும் கணக்கு. 1938 பிப்ரவரி 14-ஆம் தேதி தளம் திறக்கப்பட்டது. அது ஜொகூர் நீரிணைக்கு உள்ளே, சற்றே ஒதுங்கி இருந்தது. எதிரிக் கப்பல் அதை நெருங்க வேண்டுமானால் கிழக்கு வாய் வழியாக நுழைய வேண்டும். அந்த வாயின் ஒரு பக்கம் சாங்கி, மறுபக்கம் பெங்கேராங், நடுவில் தெக்கோங். மூன்று இடத்திலும் பீரங்கி வைத்தார்கள். பெங்கேராங் குன்றுக்கு வந்தவை 6 அங்குலப் பீரங்கிகள் இரண்டு.

இப்படிப்பட்ட கோட்டையில் வெளியே தெரிவது பீரங்கி மட்டும்தான். அதைவிட அதன் வெடிமருந்தைக் காப்பாற்றுவதே பெரிய பாடு. வானிலிருந்து விழும் ஒரே ஒரு குண்டு மருந்தறைக்குள் புகுந்துவிட்டால் குன்றே வாயைப் பிளந்துவிடும். அதனால் மருந்தறையைக் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் அடியில் புதைத்தார்கள். குண்டுகளுக்கு ஓர் அறை, கார்டைட் மருந்துக்குத் தனி அறை, மின்சார எந்திரத்துக்கு இன்னோர் அறை, இவற்றை இணைக்கக் குறுகலான நடை. 6 அங்குலக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ எடை. சண்டை நடக்கும்போது அதைத் தோளில் சுமந்துகொண்டு படியேற முடியாது. அதற்காகக் கீழறைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே செங்குத்தாக ஒரு குழி விட்டு, அதில் பாரந்தூக்கி ஒன்றை வைத்தார்கள். குண்டு கீழே படுத்திருக்கும். தேவைப்படும்போது அந்தக் குழி வழியாக மேலே வரும்.

போர்க்காலக் கோட்டைக்குள் கயிறு கட்டி இறங்குவதைப் பற்றிப் பேசும் சாகசக்காரர்களின் கண் இப்படிப்பட்ட செங்குத்துக் குழிகள் மீதுதான். நடைகளில் கயிற்றுக்கு வேலையில்லை, கைவிளக்கு போதும். குழி அப்படியல்ல. அதில் குண்டு ஏறிய வழியில் ஆள் இறங்க வேண்டும்.

கயிற்றிறக்கம் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 2004 முதல் 2018 வரை தேசிய சேவைப் பயிற்சிக்குப் பெயர் வந்து போன பிள்ளைகள் எவரையாவது கேட்டால், ‘அப்செய்லிங்’ என்றதும் சிரிப்பார்கள் அல்லது முகத்தைச் சுளிப்பார்கள். பள்ளி முகாம்களிலும் உண்டு. இரும்புக் கோபுரம் ஒன்றின் உச்சியில் நிறுத்தி, இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, எட்டு வடிவ அலோய் வளையத்தில் கயிற்றைக் கோத்து, “சாய், இன்னும் சாய்” என்பார் பயிற்சியாளர். முதல் தடவை இறங்குபவர் செய்யும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றே: சுவரைக் கட்டிப்பிடிக்கப் பார்ப்பார். கால் வழுக்கும், முட்டி சுவரில் இடிக்கும். முதுகை வெற்றிடத்தில் சாய்த்து உட்கார்ந்தால்தான் பாதம் சுவரில் பதியும். உடம்பு இதை ஒப்புக்கொள்ள நேரம் எடுக்கும்.

இந்த வித்தையைச் சீர்படுத்திய பெருமையை ஆல்ப்ஸ் மலையின் ஷாமோனி ஊர் வழிகாட்டி ஷார்லே-ஸ்திராத்தோனுக்குக் கொடுப்பார்கள். 1870களில் பெத்தி த்ரூ சிகரத்தில் ஏறப் போராடியபோது அவர் கண்ட வழி அது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் கயிற்றைத் தொடையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டே இறங்கினார்கள். உராய்வு முழுவதையும் தோல் வாங்கிக்கொண்டது. இன்று அதை எட்டு வளையம் வாங்கிக்கொள்கிறது. வேகமாக இறங்கியவர் கீழே வந்ததும் அந்த வளையத்தைத் தொட்டால் விரல் சுட்டுவிடும்.

கோபுரத்துக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆழத்தை வைத்து எடைபோட முடியாது. 6 அங்குலப் பீரங்கியின் குழி பெரிய ஆழமில்லை. பள்ளி முகாமின் கோபுரமே அதைவிட உயரமாக இருக்கக்கூடும். கஷ்டம் வேறு இடங்களில் இருக்கிறது. குழி குறுகல், முழங்கை இரண்டும் சுவரில் உரசும். குழி முடிந்து அறையின் கூரை தொடங்கும் இடத்தில் சுவர் சட்டென்று இல்லாமல் போகும். கால் பதிக்க இடமின்றி ஆள் கயிற்றில் சுழல ஆரம்பிப்பார். சுழலும்போது தலைவிளக்கின் ஒளியும் சுழலும், எந்தப் பக்கம் எது என்று குழம்பும். கீழே நின்று கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும் துணையாளின் முகம் தெரியாது. அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் இறக்கம் நின்றுவிடும் என்பது கோபுரத்தில் பெரிய தைரியம். இருட்டில் அந்தத் தைரியம் குரலாக மட்டுமே வந்து சேரும்.

இன்னொன்று, சாதாரணமாகத் தெரிந்தாலும் பயிற்சியாளர்கள் கடுமை காட்டும் விஷயம்: தலைமுடியும் சட்டை நுனியும். எட்டு வளையம் எதைக் கண்டாலும் உள்ளே இழுக்கும். கூந்தல் சிக்கிவிட்டால், தொங்குபவரின் எடை முழுவதும் கயிற்றில் இருக்கும்வரை அதை விடுவிக்க முடியாது. கோபுரத்தில் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து உதவலாம். ஓர் ஆள் மட்டுமே நுழையும் குழியில் அது நடக்காது. அதனால் இரண்டாவது கயிறு ஒன்று, வேறொரு பிடிமானத்திலிருந்து, வேறொருவர் கையில் இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவது கயிற்றைக் காட்டாத வழிகாட்டியோடு எந்தக் கோட்டைக்குள்ளும் போக வேண்டாம்.

பிடிமானம் என்று சொன்னோம். எதைப் பிடித்துக் கட்டுவது? தொண்ணூறு ஆண்டை நெருங்கும் கடலோரக் கான்கிரீட். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். பார்வைக்குத் திடமான கொக்கி கையோடு வந்துவிடலாம். புதிதாகத் துளைபோட்டு போல்ட் அடிப்பதும் சரியல்ல. மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் கை வைத்தால் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் குறுக்கே வரும். சட்டம் இல்லாவிட்டாலும், பீரங்கி துளைக்காத சுவரை டிரில் கொண்டு துளைப்பது அசிங்கம். குழியின் வாய்மேல் முக்காலி நிறுத்தி அதிலிருந்து கயிறு விடுவதுதான் ஒழுங்கான வழி. சுவருக்குச் சுமையே போகாது.

அடுத்தது காற்று. தமிழ்நாட்டில் பாழுங்கிணறு தூர் வாருபவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் ஆள் இறங்கமாட்டார். அறிவுள்ள பழக்கம்தான். ஆனால் எல்லா விஷக்காற்றையும் விளக்கு காட்டிக்கொடுக்காது, எரிவாயு இருந்தால் விளக்கே வினையாகிவிடும். மலேசியாவில் இதற்கு எழுதி வைத்த முறை உண்டு. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான 2010-ஆம் ஆண்டு நடைமுறைக் கோவைப்படி, உள்ளே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது, 23.5-ஐத் தாண்டவும் கூடாது. வெளிக்காற்றில் இருப்பது 20.9. மூடிய அறையில் தழை அழுகினாலும் இரும்பு துருப்பிடித்தாலும் ஆக்சிஜன் குறையும். வாசனை எதுவும் வராது. வௌவால் எச்சத்தின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசமும் வேண்டும்.

இங்கேதான் பெங்கேராங்கின் இன்றைய முகம் உதவிக்கு வருகிறது. குன்றிலிருந்து சற்றுத் தள்ளி நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை நிற்கிறது. அங்கே தொட்டிக்குள் இறங்கும் வேலை அன்றாடம். முக்காலி, வாயுமானி, உள்ளே இறங்க அனுமதி பெற்றவர், வெளியே நகராமல் நிற்கும் காவலாள், மீட்புக் கயிறு எல்லாமே அவர்களுக்குப் பழக்கம். இதற்கென்றே தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய இளைஞர்கள், அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும், ஜொகூர் முழுக்க இருக்கிறார்கள். கோட்டைக் குழியில் பாதுகாப்பாக இறங்கும் அறிவு எங்கோ ஐரோப்பாவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அது பெங்கேராங் சாப்பாட்டுக் கடைகளில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இல்லாதது அனுமதி. தஞ்சோங் பெங்கெலியில் இருப்பது மலேசியக் கடற்படையின் புதுவீரர் பயிற்சித் தளமான கே.டி. சுல்தான் இஸ்மாயில். குன்றின் கோட்டையைப் பார்க்க நினைப்பவர் முறையாகக் கேட்டு, கூட்டிப்போக ஆளோடு போவதுதான் சரி. சொந்தக் கயிற்றோடு காட்டுவழியில் ஏறுவது சாகசம் ஆகாது. அத்துமீறல் அது.

ஜொகூரின் பெயரைச் சுமந்து நிற்கும் பெரிய கோட்டை ஜொகூரில் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு அன்றைய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுன் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதன் பெரும்பகுதி சாங்கியில் பீரங்கி நிறுவப் போனது. 15 அங்குல வாயுள்ள பீரங்கிகள் மூன்று. குண்டு ஒன்று எண்ணூறு கிலோவுக்கு மேல். அதற்கு ‘ஜொகூர் பீரங்கித் தளம்’ என்றே பெயர் சூட்டினார்கள். நிலத்தடியில் மூன்று அடுக்கு ஆழத்துக்கு மருந்தறைகள். சிங்கப்பூர் பீரங்கிகள் கடலையே பார்த்திருந்தன, திரும்பவே இல்லை என்று பள்ளியில் படித்தோம். பாதிதான் உண்மை. சாங்கியின் பெரிய பீரங்கிகள் திரும்பின, ஜொகூர் பாரு பக்கமே சுட்டன. ஆனால் அவற்றிடம் இருந்தது போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கும் குண்டு. அது ரப்பர் தோட்டத்து ஈரமண்ணில் ஆழமாகப் புதைந்து வெடித்ததே தவிர, பரவலாக நடந்து வந்த ஜப்பானியக் காலாட்படையைப் பெரிதாக வதைக்கவில்லை. சுல்தானின் காசில் வாங்கிய பீரங்கி சுல்தானின் தலைநகரைக் குறிவைத்ததுதான் மிச்சம். 1942 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு பிரிட்டிஷாரே அவற்றைத் தகர்த்தார்கள். மூன்று நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. மறந்துபோன அந்தச் சுரங்கத்தை 1991-இல் சிறைத்துறை கண்டெடுத்தது. இன்று மேலே மாதிரிப் பீரங்கி ஒன்று நிற்கிறது. கீழே இறங்க வழியில்லை.

கடலுக்கு இவ்வளவு செலவழித்தவர்கள் முதுகுப்பக்கத்துக்கு என்ன செய்தார்கள் என்பதைப் போன வாரம் கோத்தா திங்கியில் பார்த்தோம். எதிரி வடக்கேயிருந்து ஜொகூர் வழியாக வருவான் என்று மலாயாவின் பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் டாபி எழுதியே கொடுத்தார். நிலப்பக்கத் தற்காப்புக்கு அவருக்குக் கிடைத்த ஒதுக்கீடு 60,000 பவுன். அதிலும் 23,000 செலவானதோடு வேலை நின்றது. சுல்தான் ஒருவர் கையிலிருந்து கொடுத்த அன்பளிப்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை அந்த ஒதுக்கீடு.

நிலத்தடிக் கோட்டையில் உடம்பை நுழைத்துப் பார்க்கும் ஆசைக்கு மலேசியாவில் பெயர் பெற்ற இடம் பினாங்கின் பத்து மாவுங். 1930களில் பிரிட்டிஷார் குன்றைக் குடைந்து கட்டிய கோட்டை, 2002-இல் போர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே கயிறு வேண்டாம். தவழ்ந்து போய் இரும்பு ஏணியில் ஏறி வெளியே வரும் சுரங்கம்தான் ஈர்ப்பு. அந்தக் கோட்டையும் கடலைப் பார்த்துக் காத்திருந்து ஏமாந்ததே. 1941 டிசம்பரில் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகக் கப்பலேறிப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஓர் இலங்கைத் தமிழர்: ‘ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. தீவில் இனி படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் சொல்லி ஊரைக் காத்ததும் அவரே. ஒரு பத்திரிகைக்காரர் குரலுக்கு இருந்த பலன் அத்தனை கான்கிரீட்டுக்கு இல்லை.

பெங்கேராங்கில் என்றாவது கடற்படை மனம் வைத்து, பொறியாளர் ஒருவர் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்து, கயிற்றிறக்கத்துக்குக் கதவு திறந்தால், விளம்பரத்தில் இறங்கும் படம்தான் வரும். கேட்க வேண்டியது ஏறும் வழி. இறங்க புவியீர்ப்பு உதவும். ஏற, கயிற்றைக் கவ்வும் பிடிகளில் கையும் காலும் மாற்றி மாற்றி உந்த வேண்டும். பழகாதவருக்குப் பத்து மீட்டரே மூச்சு வாங்க வைக்கும். கோட்டை விஷயத்தில் இதற்கு விடை சுலபம். குண்டுக்குத்தான் குழி, சிப்பாய்க்கு நடையும் படியும் தனியாக உண்டு. அந்த நடை இடியாமல், நீர் தேங்காமல், வெளிச்சத்தோடு வெளியே போகிறதா என்பதை முதலில் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் மேலே வந்து பட்டையை மாட்டலாம்.

அடுத்த வாரம் மெர்சிங் கடற்கரை. ஆஸ்திரேலியர்கள் முள்கம்பியும் கண்ணிவெடியும் வைத்துக் காத்திருந்த இடம், இன்று தியோமான் படகுக்குப் பயணிகள் வரிசை பிடிக்கும் ஊர்.

(தொடரும்)