மழைக்கால மிதிவண்டிப் பயணம்: கைக்கு ஏற்ற கையுறை எது?

மகேசுவரி உத்யான் என்பது அதிகாரபூர்வமான பெயராக இருந்தாலும், நம் அனைவருக்கும் அது இன்றும் கிங்ஸ் சர்க்கிள்தான். அந்த வட்டப் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளில் விடிவதற்கு முன்பே மிதிவண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. செய்தித்தாளும் பாலும் பூவும் மிதிவண்டியில் வருகின்றன. தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை ஒலித்தபடி நம் தமிழ் வியாபாரிகளும் வருகின்றனர். மழை பெய்கிறது என்பதற்காக இவர்களில் எவரும் வீட்டில் இருந்துவிட முடியாது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவர்களுள் ஒருவர், எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர், வலக்கையில் கட்டுடன் வந்தார். "என்ன அண்ணாச்சி, கையில் என்ன ஆயிற்று?" என்று கேட்டோம். "மழையில விரல் வழுக்கிட்டு சார். பிரேக்கைப் பிடிச்சேன், கை நிக்கல" என்றார். மூன்று வாரம் வியாபாரம் இல்லை. மகளின் பெயரில் கட்டிவந்த தொடர் வைப்பில் இரண்டு தவணைகள் தவறிப்போயின. "கையுறை வாங்கணும்னு நினைச்சேன். எதை வாங்குறதுன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன்" என்று அவர் சொன்னபோது எங்களிடமும் விடை இல்லை.

எங்கள் கிளையில் நாள்தோறும் மிதிவண்டியில் பணிக்கு வருவோர் இருக்கின்றனர். மழைக்காலத்தில் லோணாவளா வரை ஓட்டிச் செல்லும் ஆர்வலர்களும் இருக்கின்றனர். அவர்களோடு பேசித் தெரிந்துகொண்டவற்றை வாடிக்கையாளர்களின் பயனுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கையுறையின் வேலை என்ன?

கையுறை என்றதும், கையை நனையாமல் காப்பதே அதன் வேலை என்று எண்ணுகிறோம். மழையில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு அது கடைசித் தேவைதான். முதல் தேவை, ஈரத்திலும் வழுக்காத பிடிப்பு. ஈரமான சக்கர விளிம்பில் பிரேக் கட்டை உடனே பற்றாது. விளிம்பில் உள்ள நீரைத் துடைத்து எறிவதற்கே சக்கரம் சில சுற்றுகள் சுழல வேண்டியிருக்கிறது. கம்பி பிரேக் பொருத்திய பழைய மாதிரி வண்டிகளில் இந்தக் குறை இன்னும் அதிகம். பிரேக்கே தாமதமாகப் பற்றும்போது, விரலும் பிடியிலிருந்து நழுவினால் வண்டி நிற்பதற்கு வழியில்லை.

இரண்டாவது தேவை, விரல்களின் இயக்கம். விரல் நுனியின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் விரல்கள் மரத்து, சொன்னபடி கேட்பதில்லை. மூன்றாவது, உள்ளங்கைக்குப் பாதுகாப்பு. கைப்பிடியில் நெடுநேரம் எடையை ஊன்றினால், மணிக்கட்டின் அருகே சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது இதனால்தான்.

'நீர்புகாது' என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

கடைகளில் விலை உயர்ந்த கையுறைகள் பலவற்றில், 'நீர் உள்ளே புகாது, வியர்வை வெளியேறும்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் கண்டறிந்த நுண்துளைச் சவ்வே இவ்வகைத் துணிகளுக்கு முன்னோடி. மழைத்துளி புக இயலாத அளவு சிறிய துளைகளின் வழியே, வியர்வை ஆவியாக வெளியேறிவிடும் என்பது இதன் தத்துவம். தத்துவத்தில் பிழையில்லை. ஆனால் ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அது வெளியே செல்லும்.

ஐரோப்பாவில் 5 டிகிரிக் குளிர் மழையில் இந்த அழுத்த வேறுபாடு மிக அதிகம். அங்கே இக்கையுறை நன்கு உழைக்கிறது. மும்பையில் ஜூலை மாத இரவிலும் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றோ ஈரத்தால் நிறைந்திருக்கிறது. இங்கே கிடைக்கும் அழுத்த வேறுபாடு அந்தக் குளிர்நாட்டில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. ஆகவே வியர்வை உள்ளேயே தங்கிவிடுகிறது. மழை உள்ளே வராவிட்டாலும் கை நனைந்துதான் இருக்கும். உள்ளுறை கையோடு ஒட்டாமல் நழுவும்போது, பிரேக்கின் மீதுள்ள பிடியும் தளர்கிறது. அதிக விலை கொடுத்து ஆபத்தை வாங்குவது போலாகிவிடும்.

நகர மழைக்கு ஏற்றது

நமது நகரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. இங்கே கை நனையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். நனைந்தாலும் பிடிப்பு குறையாத கையுறையே போதுமானது.

ஹார்டுவேர் கடைகளில் தொழிலாளர்களுக்காக விற்கப்படும் பின்னல் கையுறைகள் இதற்கு நன்கு பொருந்துகின்றன. அவற்றின் உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும் ரப்பர் அல்லது நைட்ரைல் பூச்சு இருக்கும்; புறங்கை திறந்த பின்னலாக இருப்பதால் வியர்வை வெளியேறும். பூச்சு வழவழப்பாக இல்லாமல், மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. பின்னல் நைலானாக இருந்தால் விரைவில் உலரும். பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே பருத்திக் கையுறை மழைக்கு ஏற்றதன்று. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுவோர், உள்ளங்கையில் மெல்லிய மெத்தை தைத்த மிதிவண்டிக் கையுறையை வாங்கலாம். மெத்தை தடிப்பாக இருந்தால் கைப்பிடியை இறுகப் பற்ற இயலாது.

மலைப்பாதைக்கு ஏற்றது

பழைய மும்பை–புனே சாலையில் லோணாவளா செல்வோரின் தேவை வேறு. லோணாவளா கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே ஏறும்போது உடல் உழைப்பினால் கை குளிர்வதில்லை, மாறாக வியர்க்கிறது. தொல்லை இறங்கும்போதுதான் தொடங்குகிறது. மிதிப்பது நின்றுவிடுவதால் உடல் வெப்பம் உற்பத்தியாவது குறைகிறது. வேகம் கூடுவதால் காற்று மிகுதியாக வீசுகிறது. நனைந்த கையுறையிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை; அதில் பெரும்பகுதியை அது கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வல்லது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரேக்கை ஓயாமல் பிடிக்க வேண்டிய இறக்கத்தில்தான் விரல்கள் மரத்துப்போகின்றன.

இதற்கு எளிய வழி, இரண்டு இணைகளை எடுத்துச் செல்வது. ஏறும்போது மெல்லிய இணை. இறங்குவதற்கு முன் பிளாஸ்டிக் பையில் உலர்வாக வைத்திருந்த மற்றோர் இணை. இரண்டாவது இணைக்கு நியோப்ரீன் ஏற்றது. ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் உடை இந்தப் பொருளால் ஆனதே. ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1950களின் தொடக்கத்தில் அவ்வுடையை வடிவமைத்தார். உடலை நனையாமல் வைப்பது அதன் நோக்கமன்று. நியோப்ரீனுக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால், உள்ளே புகுந்த சிறிதளவு நீர் உடல் வெப்பத்தால் சூடாகி அப்படியே தங்கிவிடுகிறது. கம்பளியும் நனைந்த நிலையில் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலம் போன்ற இடங்களில், ஜூலையில் பகல் வெப்பமே பெரும்பாலான நாட்களில் 20 டிகிரியை எட்டுவதில்லை. அங்கே மேலே சொன்ன நீர்புகாக் கையுறைகளும் தம் விலைக்கு ஓரளவு நியாயம் செய்யும்.

தோல் கையுறை வாங்கலாமா?

தாராவியின் தோல் தொழிலுக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுகளைக் கடந்தது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் உள்ள தோல் கடைகளுக்கு நம்மவர் செல்லாத நாளில்லை. தோல் கையுறை கீழே விழும்போது உள்ளங்கையைச் சிராய்ப்பிலிருந்து நன்கு காக்கும். ஆனால் நாள்தோறும் நனைந்தால் அதன் மென்மை போய்விடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், நனைந்து உலர்ந்ததும் விறைத்துப்போகிறது. குரோம் முறையில் பதனிட்டது சற்றுத் தாங்கும். எனவே தோல் கையுறையை மழைக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களுக்கு வைத்துக்கொள்வதே சிக்கனம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் அளவு. கட்டைவிரலை விட்டு, விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளந்து, அட்டையில் உள்ள அளவோடு ஒப்பிடுக. இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலை மேலும் குளிரச் செய்யும். தளர்வானது பிரேக்கில் சிக்கும்.

அடுத்து, கடையிலேயே ஒரு சோதனை. கையுறையை அணிந்து, சிறிது நீர் தெளித்த ஒரு குழாயையோ கைப்பிடியையோ இரண்டு விரல்களால் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வாங்க வேண்டாம். விரல் நுனியில் துணி மிஞ்சி நின்றாலும் வாங்க வேண்டாம்.

மணிக்கட்டுப் பகுதி, மழைச்சட்டையின் கைக்குள் அடங்கும்படி மெலிதாக இருக்கட்டும். மிதிவண்டி ஓட்டும்போது கை கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், சட்டையில் வழியும் நீர் கையுறைக்குள் இறங்கும். கையுறையின் விளிம்பு சட்டைக்குள் இருந்தால் நீர் அதன் மேலாக வழிந்தோடிவிடும். புறங்கையில் ஒளிரும் பட்டை இருப்பது, கைகாட்டித் திரும்பும்போது பின்னால் வரும் ஓட்டுநருக்கு உதவும்.

வீடு திரும்பியதும் கையுறையை உள்வெளியாகத் திருப்பி, விசிறியின் கீழே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தோல் நோயும் வரலாம். பூச்சு தேய்ந்து வழவழப்பானவுடன் மாற்றிவிடுவது நல்லது.

வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். நெடுநேரம் நனைந்த விரல்நுனி சுருங்கிவிடுவதால், ஆதார் விரல்ரேகைக் கருவி சில வேளைகளில் அதை ஏற்பதில்லை. கையைத் துடைத்து, சிறிது நேரம் அமர்ந்து, விரல் பழைய நிலைக்கு வந்தபின் மீண்டும் முயலலாம்; பதற்றம் வேண்டாம்.

அண்ணாச்சி இவ்வாண்டு வைகாசியிலேயே பூச்சிட்ட பின்னல் கையுறை இரண்டு இணை வாங்கிவிட்டார். ஒன்று கையில், மற்றொன்று உலர்வதற்கு. பழைய பிரேக் கட்டைகளையும் மாற்றியிருக்கிறார். இரண்டுக்கும் ஆன செலவு, தவறிப்போன ஒரு தவணையைவிடக் குறைவு என்று அவரே கணக்குச் சொன்னார். வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இம்மழைக்காலம் விபத்தின்றி அமைய வாழ்த்துகிறோம்.