பல்லக்குக்காரர் வம்சத்து வக்கீல்

பம்பாய் நகரில் ஒரு காலத்தில் மார்ச்சு மாதம் பிறந்தால், கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தா முதல் மானேஜர் வரை பலரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வார்கள்: "பால்கிவாலா என்றைக்குப் பேசுகிறார்?" டில்லியில் நிதி மந்திரி பட்ஜெட்டைப் படித்து முடித்த சில நாட்களுக்குள் பிராபோர்ன் ஸ்டேடியத்தில் அந்தக் கூட்டம் நடைபெறும். கிரிக்கெட் ஆட்டத்துக்குத் திரள்வதுபோல் ஜனங்கள் திரள்வார்கள். ஆனால் அங்கே ஆட்டம் ஏதும் இல்லை. வருமான வரியைப் பற்றிய பிரசங்கந்தான்!

1980களில் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி அக்கூட்டத்துக்குச் சென்றவர்களில் இதை எழுதுபவனும் ஒருவன். மேடையில் நின்றவரின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்குகள் அவர் வாயிலிருந்து மனப்பாடமாக வந்து விழுந்தன. சம்பளத்தில் பிடித்தம் போக மீதி என்ன என்பதை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அந்தப் பிடித்தத்துக்கு நியாயம் கேட்கலாம் என்ற எண்ணமே அன்று மாலைதான் முதன்முதலாக உதித்தது.

நானி பால்கிவாலா 1920ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி பம்பாயில், எளிய பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 'பால்கி' என்றால் பல்லக்கு. முன்னோர்கள் பல்லக்குச் செய்யும் தொழிலில் இருந்ததால் வந்த பெயர் அது. பிற்காலத்தில் நாவன்மையால் நாட்டையே ஈர்த்த இவருக்கு இளமையில் திக்குவாய் இருந்தது. விடாமுயற்சியால் அதை வென்றார். செயிண்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, விரிவுரையாளர் வேலைக்கு மனுச் செய்தார். வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகே சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வேலை மட்டும் கிடைத்திருந்தால், ஷேக்ஸ்பியரைப் பாடம் சொல்லிவிட்டு அமைதியாக ஓய்வு பெற்றிருப்பார்!

சர் ஜாம்ஷெட்ஜி காங்காவிடம் ஜூனியராகச் சேர்ந்த அவர், 1950இல், முப்பதாவது வயதில், குருவுடன் சேர்ந்து வருமான வரிச் சட்டத்துக்கு ஒரு பெரிய விளக்க நூலை வெளியிட்டார். வரி வக்கீல்களும் ஆடிட்டர்களும் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

1956இல் ஏ. டி. ஷ்ராஃப் என்ற தொழில் துறைப் பிரமுகர், சுதந்திரத் தொழில் முயற்சிக்கு ஆதரவாகப் பம்பாயில் ஒரு மன்றத்தை நிறுவினார். திட்டமிட்ட பொருளாதாரத்துக்கு வழி காட்டிய 1944ஆம் ஆண்டின் 'பம்பாய்த் திட்ட'த்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரே இந்த ஷ்ராஃப் என்பது வேடிக்கைதான். அம்மன்றத்தின் சார்பில் 1958இல் கிரீன்ஸ் ஹோட்டலில் ஒரு சிறு கூட்டத்தின் முன் பால்கிவாலா பட்ஜெட்டைப் பற்றிப் பேசினார். இடம் போதாமல் போய், கடைசியில் ஸ்டேடியமே தேவைப்பட்டது. 1994 வரை அவர் அங்கே பேசி வந்தார்.

அவர் சொன்னது என்ன? வரியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அளவு மீறிய வரி, யோக்கியனைத் தண்டித்துக் கள்ளக் கணக்கு எழுதுபவனை வளர்க்கிறது என்பதே அவர் வாதம். அந்நாளைய நிலவரத்தை நினைத்துப் பாருங்கள். 1973-74ஆம் ஆண்டில், சர்சார்ஜும் சேர்ந்து, உச்ச வரி விகிதம் நூற்றுக்கு 97.75 ஆக இருந்தது. உச்சவரம்புக்கு மேல் ஒருவர் நூறு ரூபாய் சம்பாதித்தால் அவர் கைக்கு வருவது இரண்டேகால் ரூபாய்! சர்க்கார் நியமித்த வாஞ்சூ கமிட்டியே, விகிதத்தைக் குறைத்தால்தான் ஏய்ப்புக் குறையும் என்று சொல்லியிருந்தது. ஆண்டுதோறும் வரிச் சட்டத்தைத் திருத்தி, ஜனங்கள் அதைப் புரிந்துகொள்ளவே முடியாதபடி செய்வதையும் பால்கிவாலா சலிக்காமல் கண்டித்தார்.

ஆனால் அவருடைய கட்சி எல்லா இடத்திலும் செல்லும் என்று நான் ஒப்ப மாட்டேன். 1969 ஜூலை 19ஆம் தேதி 14 பாங்குகள் தேச உடைமையாக்கப்பட்டபோது, பங்குதாரர் கூப்பருக்காக அவர் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். 1970 பிப்ரவரி 10இல் பத்து நீதிபதிகள் அவர் பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. நான்கே நாளில் சர்க்கார் புதிய அவசரச் சட்டம் பிறப்பித்துப் பாங்குகளை மீண்டும் எடுத்துக்கொண்டது. 1969இல் நாடு முழுவதும் 8,262 பாங்குக் கிளைகளே இருந்தன; 1990க்குள் அவை ஐம்பதினாயிரத்தைத் தாண்டின. கிராமத்துப் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய நமக்கு அந்தக் கிளைகளின் அருமை தெரியும். பிராபோர்னில் கூடியவர்கள் வரி கட்டுமளவுக்காவது வருமானம் உடையவர்கள். அதற்கும் வழியில்லாதவர்களின் குரல் அங்கே கேட்டதில்லை.

கேசவானந்த பாரதி வழக்கு அவர் வாழ்வின் சிகரம். காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் அதிபதி, மடத்து நிலங்களைக் காக்க, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. 13 நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்தார்கள். 1973 ஏப்ரல் 24இல், அரசியல் சட்டத்தைத் திருத்தும் பார்லிமெண்டுக்கு அதன் அடிப்படை அமைப்பை அழிக்கும் அதிகாரம் கிடையாது என்று ஏழு பேர் முடிவு செய்தார்கள். ஆறு பேர் உடன்படவில்லை. ஒரே ஒரு வாக்கு!

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது பெரிய சோதனை. அலகாபாத் ஹைகோர்ட்டு, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று 1975 ஜூன் 12இல் தீர்ப்பளித்தது. அவருக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் நின்றவர், அவருடைய பொருளாதாரக் கொள்கையை ஓயாமல் எதிர்த்த பால்கிவாலாவேதான். வழக்கைக் கேட்டவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், சமதர்மப் பற்றுடையவர். 24ஆம் தேதி நிபந்தனையுடன் கூடிய தடையுத்தரவு கிடைத்தது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. உடனே பால்கிவாலா வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றுகொண்டிருந்த அந்த நேரத்தில், பிரதமரின் வழக்கை வேண்டாம் என்பது சாமானியத் துணிச்சல் அல்ல.

அதே ஆண்டு நவம்பரில், 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய 13 நீதிபதிகள் அமர்ந்தார்கள். பால்கிவாலா எதிர்த்து வாதாடினார். மூன்றாம் நாள் பிரதம நீதிபதி அந்த அமர்வையே கலைத்துவிட்டார். அங்கே இருந்த நீதிபதி எச். ஆர். கன்னா, அத்தகைய வாதத்திறமை அந்த நீதிமன்றம் கண்டதில்லை என்ற கருத்தைப் பின்னர் பதிவு செய்தார்.

1977இல் ஜனதா சர்க்கார் அவரை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பியது. அவர் வாஷிங்டனில் இருந்த காலத்திலேயே, அந்தச் சர்க்கார் 44வது திருத்தத்தின் மூலம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. பாங்கு வழக்கிலும் மட வழக்கிலும் சொத்தைக் காக்கத்தான் அவர் கோர்ட்டு ஏறினார், சொத்துரிமை போயிற்று. அடிப்படை அமைப்புத் தத்துவமோ நிலைத்தது. கையில் சொத்தே இல்லாதவர்களும் இன்று அதைச் சொல்லி நீதி கேட்கிறார்கள்.

சென்னை சங்கர நேத்ராலயாவுக்கு அவர் பெருந்தொகை நன்கொடை வழங்கியதை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். 1997இல் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த நிதி மந்திரி ப. சிதம்பரம், வருமான வரியின் உச்ச விகிதத்தை நூற்றுக்கு 30 ஆகக் குறைத்தார். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே பால்கிவாலா பட்ஜெட் பிரசங்கத்தை நிறுத்தியிருந்தார். 2002 டிசம்பர் 11இல், பிறந்த ஊரான பம்பாயிலேயே அவர் காலமானார்.