ஹாலுக்கு கார்பெட் வாங்கப் போறீங்களா? தூசி, ஈரம் பார்த்து வாங்குங்க!

தா.பழூர்: பொங்கலுக்கு வெள்ளை அடித்தாலும் சரி, வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் சரி, அடுத்து வரும் பேச்சு, "ஹால்ல ஒரு கார்பெட் போட்டா எடுப்பா இருக்குமே" என்பதுதான். அந்த நேரம் பார்த்து, கார்பெட்டை தோளில் சுருட்டிப் போட்டபடி வெளியூர் வியாபாரி வாசலில் நிற்பார். தவணை என்றதும் கை நீண்டு விடும்.

கொஞ்சம் பொறுங்க. அது நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா?

தூசி மூட்டை

முடி புசுபுசுவென்று நிற்கும் கார்பெட், கால் சில்லிடும் குளிர் ஊர்களுக்கு ஏற்றது. அதன் முடிக்குள் இறங்கிய தூசியை துடைப்பத்தால் எடுக்க முடியாது. வாக்குவம் கிளீனர் வேண்டும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோர வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கொள்ளிடக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் அடிக்கும். அடியில் ரப்பர் ஒட்டிய கார்பெட்டில் அந்த ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். வீட்டில் ஆஸ்துமா, இளைப்பு உள்ளவர்களோ, தவழும் குழந்தையோ இருந்தால் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

ஜமக்காளம் இருக்கே!

துவைக்கலாம், உதறலாம், மடித்து பரணில் வைக்கலாம். நாலு பேர் வந்தால் விரிக்கலாம். நம்ம வீட்டுக்கு இதுதான் சரியான கார்பெட். ஈரோடு மாவட்டம் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜமக்காளத்தை கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு 'பவானி' பெயரிலேயே விற்கிறது. விலை குறைவு என்று அதை வாங்கினால், நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல, குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கும்தான்.

எப்படி கண்டுபிடிப்பது? கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்க. கோ-ஆப்டெக்ஸ் கடையில் வாங்கினால் இந்தக் கவலை குறைவு, பண்டிகை சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்க. பருத்தி நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி கெட்டியான மணியாகத் திரளும். ஒன்று, கரையில் பளபளக்கும் செயற்கைப் பட்டு நூல் சேர்த்த ரகமும் பவானியில் உண்டு. அதனால் மினுமினுப்பை மட்டும் வைத்து போலி என்று முடிவு கட்டாதீங்க.

சாயம் போகுமா? வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் கடையிலேயே தெரிந்து விடும்.

படுக்க கோரைப்பாய்

படுக்கிற இடத்துக்கு கோரைப்பாயை மிஞ்ச எதுவும் இல்லை. வேர்வை கசகசக்காது. நெருக்கமாக நெய்ததா என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்க. இடைவெளி அதிகம் தெரிந்தால் சீக்கிரம் பிரியும். கல்யாணச் சீருக்கு என்றால் நெல்லை மாவட்டம் பத்தமடைப் பாய் வாங்கலாம். கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்வதால் துணி போல மடிக்கலாம். விலை கூடுதல்தான். பிளாஸ்டிக் பாய் ஈரம் தாங்கும், துடைத்தால் போதும். ஆனால் மழமழ டைல்ஸ் தரையில் வழுக்கும், அடுப்புப் பக்கம் போடவே கூடாது.

அளவு முக்கியம்

பாலம் தாண்டி கும்பகோணத்துக்கோ, ஜெயங்கொண்டத்துக்கோ பஸ் ஏறும் முன் அறையை டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போங்க. 10க்கு 10 அறைக்கு 10க்கு 10 தேவையில்லை. சுற்றிலும் ஒரு அடி விட்டு 8க்கு 8 போதும், கதவும் தட்டாது. வாங்கி வந்த ஜமக்காளத்தை முதல் தடவை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக அலசி, நிழலில் காயப் போடுங்க.