டியூனிங் கடைசி வேலை: ஒரு பழைய டிராக்டர் இன்ஜினை எழுப்புறது எப்படி?

நூம்பல்ல இருந்து பேசுறேன். பழைய டிராக்டர் ஒண்ணு கிடைச்சா நிறைய பேர் முதல்ல கேக்குறது, “பம்பைக் கொஞ்சம் டியூன் பண்ணா பவர் வருமா?” இந்த எபிசோடோட பதில் சுருக்கமா: பம்ப் கடைசி. அதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு.

உதாரணத்துக்கு மாஸி ஃபெர்குசன் 35. இதுல சென்னைக்கும் பங்கு உண்டு. 1960-ல இங்க தொடங்கின டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரிச்சது. அதே குழுமத்தோட சிம்சன் கம்பெனி, செம்பியத்துல பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செஞ்சது. 35-ல வந்த பெர்கின்ஸ் இன்ஜினுக்கு மூணு சிலிண்டர், 2.5 லிட்டர். போர் 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் 127 மி.மீ. சென்சார் கிடையாது, ஈ.சி.யு. கிடையாது.

லாக் ஃபைல் எங்கே?

சைலன்சர்ல. கருப்புப் புகைன்னா டீசல் அதிகம், இல்லன்னா காத்து பத்தல. நீலம்னா ஆயில் எரியுது. ரிங், லைனர், வால்வ் கைடு தேஞ்சிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைன்னா டீசல் எரியாம வருது, இல்ல தண்ணி உள்ள போகுது. கருப்பைப் பாத்ததும் பம்பைத் தொடாதீங்க. முதல்ல ஏர் கிளீனரைக் கழட்டிப் பாருங்க.

ஏன் பம்ப் கடைசி?

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்ல. அமுக்கின காத்தோட சூடுதான் பத்த வைக்குது. கம்ப்ரஷன் போயிருந்தா, டீசலைக் கூட்டினா புகைதான் கூடும்.

அதனால முதல்ல அளக்கணும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையில. ஆறு அளவு, மூணு சிலிண்டருக்கு மொத்தம் 18. மேல் ரிங் திரும்புற இடத்துலதான் தேய்மானம் அதிகம். நடுவுல மட்டும் அளந்தா இன்ஜின் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். கிராங்க் தேஞ்சிருந்தா பத்து தௌ, இருபது தௌன்னு கிரைண்ட் பண்ணி, அதுக்கேத்த பேரிங் போடணும். இந்த மாதிரி வேலைக்கு நமக்குப் பக்கத்துலயே அம்பத்தூர் எஸ்டேட் இருக்கு.

மூணு பேப்பர் இடைவெளி

ஹெட் மாட்டினதும் டாப்பெட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ.; மூணு ஏ4 பேப்பர் தடிமன். ரொம்ப இறுக்கமா இருந்தா வால்வ் முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும், வால்வும் கருகும். கொஞ்சம் ஓட்டின பிறகு ஹெட் போல்ட்டையும் டாப்பெட்டையும் மறுபடி பாக்கணும்.

அதுக்கப்புறம்தான் பம்ப் டைமிங். மார்க்கோட மார்க்கைச் சேர்க்கணும். முன்னாடி போனா இன்ஜின் தட்டும். பின்னாடி போனா புகையும், பவர் குறையும். எவ்வளவு டீசல் போகணுங்கிறதை டெஸ்ட் பெஞ்சுலதான் செட் பண்ணணும். காதால கேட்டுக் கூட்டினா பிஸ்டன் உருகுற அளவுக்குச் சூடேறும்.

ஒரு எச்சரிக்கை

நாசில் ஸ்ப்ரே வருதான்னு கைய வச்சுப் பாக்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் கம்மியா இருக்கலாம். ஆனா விரலையே இழக்க வேண்டி வரும். அப்படி ஆனா காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி.

அளவுகள் சரியா வந்துட்டா, தொழிற்சாலை கொடுத்த பவர் தானா திரும்பி வரும். அதுக்கு மேல கேட்டா, அந்த இன்ஜினோட ஆயுசுல இருந்துதான் எடுக்கணும்.