பாலஸ்தீன மலைநாட்டின் பழைய நிலப்படங்களும் திருமறை ஆய்வும்

திருமறையின் இறுதியிலும் விளக்கவுரை நூல்களின் இடையிலும் அச்சிடப்பட்டுள்ள நிலப்படங்களை நாம் அடிக்கடி புரட்டுகிறோம். ஆயினும், அவை எவ்வாறு உருப்பெற்றன, எவ்வளவிற்கு நம்பத்தக்கவை என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. எருசலேமுக்கு வடக்கிலும் தெற்கிலும் முதுகெலும்புபோல் நீண்டு கிடக்கும் மலைநாட்டைக் காட்டும் திருமறைப் படங்கள் பலவற்றிற்கு மூலமாக அமைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடைபெற்ற ஒரு நில அளவையாகும். அதன் வரலாற்றையும் பயனையும் எல்லைகளையும் ஈண்டு சுருக்கமாக ஆராய்வோம்.

1. அளவை நடைபெற்ற முறை

1799ஆம் ஆண்டில் நெப்போலியனின் படையுடன் வந்த பொறியாளர்கள் இந்நாட்டிற்கு ஒரு படம் வரைந்தனர். ஆனால் அப்படை எருசலேமை அடையவில்லை. ஆகவே நடு மலைநாட்டின் பெரும்பகுதி அளக்கப்படாமலே நின்றது. 1865இல் இலண்டனில் நிறுவப்பெற்ற பாலஸ்தீன ஆய்வு நிதியம் இக்குறையை நீக்க முற்பட்டது. 1871இல் தொடங்கிய அளவைப் பணியைப் பிரிட்டிஷ் படைப்பொறியாளர்களான கொண்டரும், பின்னாளில் இந்தியப் படைத் தலைவராகவும் பிரிட்டனின் போர் அமைச்சராகவும் விளங்கிய கிச்சனரும் நடத்தினர்.

முதலில் ராம்லாவுக்கு அருகிலுள்ள சமவெளியில் ஓர் அடிக்கோடு துல்லியமாக அளக்கப்பட்டது. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றின் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்தால், அக்குன்றின் இடத்தைக் கணக்கினாலேயே கண்டுகொள்ளலாம். இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணம் இணைத்து நாடு முழுவதையும் ஒரு வலைக்குள் கொண்டுவந்தனர். இப்பணியில் துணைநின்ற டிர்விட் டிரேக் 1874இல் காய்ச்சலால் உயிர்நீத்தார். 1875இல் சாபேத் நகரருகே குழுவினர் தாக்கப்பட்டமையால் பணி நின்றது. 1877இல் கிச்சனர் அதனை மீண்டும் தொடங்கி முடித்தார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் 26 தாள்களாக 1880இல் அப்படம் வெளிவந்தது. ஏறத்தாழ 6,000 சதுர மைல் பரப்பும், 9,000க்கு மேற்பட்ட இடப்பெயர்களும் அதில் அடங்கின.

2. பெயர்கள் தரும் சான்று

மலைகளின் உயரத்தைக் கருவிகளால் அளக்கலாம். பெயர்களையோ மக்களின் வாயிலிருந்துதான் பெற இயலும். அவ்வவ்வூராரை வழிகாட்டிகளாகக் கொண்டு, அவர்கள் கூறிய பெயர்களை அரபு எழுத்தில் பதிவு செய்தனர். பழைய எபிரேயப் பெயர்கள் உழவர்களின் அரபுப் பேச்சில் நிலைத்துள்ளன என்பதை 1838இல் அந்நாட்டில் பயணம் செய்த ராபின்சனும் எலி சுமித்தும் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தனர். முக்மாஸ் என்பது மிக்மாஸ். ஜெபா என்பது கேபா. எர்-ராம் என்பது ராமா. அனாதா என்பது ஆனதோத்.

இந்நான்கையும் படத்தில் கண்டபின் ஏசாயா 10:28-32ஐ வாசிப்போமாயின் அப்பகுதி புத்தொளி பெறுகிறது. வெறும் ஊர்ப்பட்டியலாகத் தோன்றியது, சில மைல் தொலைவிற்குள் எருசலேமை நெருங்கிவரும் ஒரு படையின் வழியாகத் தெரிகிறது. அப்படை மலைமுகட்டின் பெருவழியை விட்டு விலகி, மிக்மாசுக்கும் கேபாவுக்கும் இடையிலுள்ள செங்குத்தான பள்ளத்தாக்கைக் கடக்கிறது. ராமா நடுங்குவதன் காரணமும் விளங்குகிறது. 1 சாமுவேல் 14இல் யோனத்தான் ஏறிய பாறைகளும் இப்பள்ளத்தாக்கைச் சார்ந்தவையே.

3. படத்தின் எல்லைகள்

எனினும், பெயர் ஒன்றே போதிய சான்றாகாது. ஊர் இடம் பெயரும்போது பெயரும் உடன் பெயர்வதுண்டு. எரிகோவின் பெயரைத் தாங்கும் எர்-ரீகா நகரம் ஓரிடத்திலும், பழைய எரிகோவின் மேடு அதற்கு அப்பாலும் உள்ளன. எல்-ஜிப் என்னும் ஊரே கிபியோன் என்பது, 1956இல் தொடங்கிய அகழ்வில் கிபியோன் என்னும் பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்தபின்னரே உறுதியாயிற்று. மாறாக, ஆயி எனக் கருதப்படும் எத்-தெல் மேட்டின் அகழ்வுகள் யோசுவாவின் காலத்திற்குரியதாகப் பலர் கருதும் நகரத்தை வெளிப்படுத்தாமையால், அறிஞரிடையே இன்றும் விவாதம் தொடர்கிறது. படம் வினாவைக் கூர்மையாக்குகிறது. விடையை அகழ்வும் மூலபாடமும் சேர்ந்தே தரவேண்டும்.

நிலமும் மாறாமல் இருப்பதில்லை. 1865இல் அளந்தபோது சவக்கடலின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு 1,292 அடி கீழே இருந்தது. யோர்தானின் நீர் திருப்பப்பட்டமையாலும் கனிம உப்புகள் எடுக்கப்படுவதாலும் இன்று அது 1,400 அடிக்கும் கீழே தாழ்ந்துவிட்டது.

4. படம் யாருக்காக?

திருமறையை விளக்குவதே இவ்வளவையின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அளந்தவர்கள் படைவீரர்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இந்நாட்டினுள் நுழைந்தபோது இப்படங்களே அதற்கு உதவின. பக்தியும் பேரரசும் ஒரே தாளில் இணைந்து நின்றதை நாம் மறைத்தல் ஆகாது.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. எருசலேமின் மேற்கெல்லையில் லிப்தா என்னும் ஊர் படத்தில் குறிக்கப்பட்டுள்ளது. யோசுவா 15:9இல் வரும் நெப்தோவாவின் நீரூற்று இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. அப்பெயரை நூற்றாண்டுகளாகக் காத்த ஊரார் 1948ஆம் ஆண்டுப் போரின் தொடக்கத்தில் வெளியேற நேர்ந்தது. அவர்கள் திரும்பி வரவில்லை. அவ்வாறே நானூறுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் மக்களை இழந்தன. 1949 முதல் அரசு நியமித்த குழு பல இடங்களுக்கு எபிரேயப் பெயர்களைச் சூட்டியது. திருமறையின் பழமையைத் தேடி வரையப்பட்ட படம், அண்மையில் வாழ்ந்த மக்களுக்கும் சாட்சியாக நிற்கிறது.

ஆகவே, ஒரு நிலப்படத்தைக் கையில் எடுக்கும் மாணவரும் ஆயரும், இதனை அளந்தவர் யார், பெயர்களைச் சொன்னவர் யார், அவர்கள் இன்று எங்கே என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். மிக்மாசையும் ஆனதோத்தையும் நமக்கு அடையாளம் காட்டியவை கருவிகள் மட்டுமல்ல. எழுத்தறியாத உழவர் பலரின் நினைவுமாகும். அவர்களை மறந்து அவர்கள் தந்த பெயர்களை மட்டும் அருளுரையில் எடுத்தாள்வது, நமக்குப் பெரிதும் கடன்பட்ட செயலாகாது. அவர்களுக்கு நாம் பட்ட கடனை மறுப்பதாகும்.