தாயும் சேயும் தங்கும் மீட்பு இல்லம்

போதைப் பழக்கத்தில் சிக்கிய கர்ப்பிணிகளும் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே தங்கி, மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் இல்லங்கள் அமெரிக்காவில் 1970களிலேயே தோன்றிவிட்டன. நியூயார்க்கின் ஒடிஸி ஹவுஸ் இதில் முன்னோடி. பின்னர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1991-இல் கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஹொரைசன்ஸ் 1993-இல் வந்தது. இவற்றுக்கு முன்பிருந்த மறுவாழ்வு இல்லங்கள் பெரும்பாலும் ஆண்களை மனத்தில் வைத்து அமைந்தவை. கைக்குழந்தையோடு வருபவளுக்கு அங்கே இடம் கிடையாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள் சிகிச்சையையே கைவிட வேண்டியிருந்தது.

இடமில்லாதது மட்டுமல்ல, பயமும் பெண்களைத் தடுத்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1989 முதல், பொது மருத்துவமனையொன்று கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கொக்கெய்னுக்காகச் சோதித்து, முடிவைப் போலீசிடம் கொடுத்துவந்தது. பிரசவம் முடிந்த கையோடு விலங்கு மாட்டப்பட்ட பெண்களும் உண்டு. நீதிமன்ற வாரன்ட்டும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் இப்படிச் சோதிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் டென்னசி மாநிலம் 2014-இல் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் எடுத்ததால் குழந்தை பாதிக்கப்பட்டால் தாய்மீது வழக்கு என்பது அதன் சாரம். 2016-இல் அது காலாவதியானது. சிறைக்கு அஞ்சும் பெண் போதையை விடுவாள் என்று சட்டம் போட்டவர்கள் கணக்கிட்டார்கள். அவள் விடுவது மகப்பேறு பரிசோதனைக்குப் போவதைத்தான்.

சிகிச்சை என்றால் போதையை ஒரே நாளில் நிறுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையான கர்ப்பிணிக்கு மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிறுத்தியவர்களில் பலர் மறுபடி பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருப்பதால், பழைய அளவே உயிரைக் குடித்துவிடக்கூடும். எனவே மெத்தடோன் அல்லது பியூப்ரெநார்ஃபின் என்ற மாற்று மருந்தை அளவாகத் தினமும் கொடுக்கிறார்கள். மெத்தடோன் செவிலியரின் கண் முன்னால் குடிக்கும் திரவம். பியூப்ரெநார்ஃபின் நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. மாதம் ஏற ஏற உடல் மெத்தடோனை வேகமாகக் கழிப்பதால் அளவைக் கூட்டுவார்கள், சில வேளை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இந்த இரு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பியூப்ரெநார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் மருத்துவமனையில் சராசரியாக 10 நாள் இருந்தன, மற்றவை 17.5 நாள்.

ஏன் குழந்தை மருத்துவமனையில் இருக்க வேண்டும்? வயிற்றில் இருந்தபோது பழகிய மருந்து பிறந்தவுடன் நின்றுபோவதால், சில நாட்களில் நடுக்கம், ஓயாத கீச்சுக்குரல் அழுகை, தும்மல், வயிற்றுப்போக்கு என்று விலகல் அறிகுறிகள் வரலாம். முன்பு இவற்றுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டு, எண்ணிக்கை ஏறினால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மார்ஃபின் கொடுப்பார்கள். இப்போது பல மருத்துவமனைகள் மூன்றே கேள்விகள் கேட்கின்றன. குழந்தை வயிறாரக் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்தில் சமாதானமாகிறதா? இல்லையென்றால் முதல் மருந்து தாயின் மடிதான். மங்கலான வெளிச்சம், உடம்போடு ஒட்டிய அணைப்பு, அடிக்கடி பால். 26 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கு அனுப்பத் தயாராகும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மாற்று மருந்தில் நிலைப்பட்டிருக்கும் தாய் தாய்ப்பால் கொடுப்பதையும் மருத்துவர்கள் ஊக்குவிக்கிறார்கள்.

தாயையும் பிள்ளையையும் பிரிக்காத இல்லத்துக்கு மருத்துவ நியாயம் இதுவே. அங்கே காலையில் மருந்து, பிறகு பிள்ளைகள் காப்பகத்துக்கு, தாய்மார் குழு ஆலோசனைக்கு. சிறு வயதில் வன்முறையையோ பாலியல் கொடுமையையோ சந்தித்தவர்கள் இவர்களில் ஏராளம் என்பதால் அந்தக் காயத்துக்கும் தனிச் சிகிச்சை உண்டு. பிள்ளை வளர்ப்பு வகுப்பு, வழக்கு வாய்தா, வேலை தேடல், வாடகை வீடு தேடல் எல்லாம் சிகிச்சையின் பகுதிகளே.

செலவுதான் எப்போதும் தலைவலி. கூட்டாட்சி நிதி பெறும் மையங்கள் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். இடமில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் இடைக்கால உதவிக்கு வழி செய்ய வேண்டும். 2018-இல் வந்த சட்டம் ஒரு நல்ல திருப்பம். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நிதியை, தாயோடு சிகிச்சை இல்லத்தில் தங்கும் பிள்ளைக்கும் 12 மாதம் வரை செலவிட அது அனுமதித்தது.

அந்த 12 மாதம் ஏன் முக்கியம் என்பதை அதே ஆண்டு வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வு காட்டியது. ஓபியாய்டுப் பழக்கமுள்ள தாய்மாரிடையே அளவு மீறிய போதை விபத்துகள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவு, பிரசவமாகி 7 முதல் 12 மாதங்களுக்குள் மிக அதிகம். பிரசவமான ஓரிரு மாதங்களில் தாயை வெளியே அனுப்பும் திட்டம், ஆபத்து தொடங்கும் முன்பே கையை விட்டுவிடும் திட்டம்.