51 ஆம் வயதில் வந்த அழைப்பு

பந்தை அடித்தவனைப் பாராட்டுகிறோம், எறிந்தவனையும் பாராட்டுகிறோம். வெயிலில் நின்று நியாயம் உரைக்கும் மத்தியஸ்தரை நாம் நினைப்பதோ, அவர் தீர்ப்பு நமக்குப் பிடிக்காதபோது மாத்திரமே. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை இன்று நோக்குவோம்.

எமெட் ஆஷ்ஃபோர்ட் 1914 ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தை பிரிந்து செல்ல, தாயே வளர்த்து ஆளாக்கினார். பின்னர் தபாற் கந்தோரில் எழுதுவினைஞரானார். எமது எல்லே விளையாட்டை ஒருவாறு ஒத்த பேஸ்போலில் அவருக்குத் தணியாத மோகம். ஒருநாள் உள்ளூர் ஆட்டமொன்றுக்கு மத்தியஸ்தர் வராமற்போகவே, ஆட வந்த ஆஷ்ஃபோர்ட் அப்பணியை ஏற்க நேர்ந்தது. அன்று தொட்டு, கந்தோர் வேலை போக எஞ்சிய பொழுதுகளிற் பாடசாலை, கல்லூரி ஆட்டங்களுக்குத் தீர்ப்புக் கூறலானார்.

1951 இல் தொழில்முறைப் பேஸ்போலின் முதற் கறுப்பின மத்தியஸ்தரானார். அதன் பொருட்டுச் சுமார் 15 ஆண்டுத் தபாற் சேவையைத் துறந்தார். அரசாங்க உத்தியோகத்தை விட்டுப் பந்தின் பின்னே போகிறவனை எம்மூரார் என்ன சொல்வர் என்பதை வாசகர் அறிவர்!

ஜக்கி ரொபின்சன் 1947 இல் ஆட்டக்காரராக நுழைந்த உயர்மட்ட லீக்கில், கறுப்பின மத்தியஸ்தர் ஒருவர் நுழைய மேலும் 19 ஆண்டுகள் சென்றன. 1966 ஏப்ரலில் வாஷிங்டன் மைதானத்துக்கு அழைக்கப்பட்டபோது ஆஷ்ஃபோர்ட்டுக்கு வயது 51. உப ஜனாதிபதி ஹம்ப்ரி வருகை தந்த அன்று, இவரும் ஒரு மத்தியஸ்தர் என்பதை நம்பாத காவலர்கள் வாயிலிலே தடுத்தனராம். உள்ளே சென்றவரோ, கைச்சட்டைப் பொத்தான் மின்ன, இளைஞனைப் போல ஓடியோடித் தீர்ப்புரைத்தார்.

மத்தியஸ்தர் 55 வயதில் ஓய்வு பெறவேண்டுமென்பது அக்கால விதி. 1970 இல், இறுதி ஆண்டில், உலகத் தொடர் ஆட்டங்களில் இடம் கிட்டியது. ஆறு மத்தியஸ்தரும் முறைவைத்து, அடிப்பவன் பின்னே நின்று முதன்மைத் தீர்ப்பு வழங்குவர். ஆறாவது முறை ஆஷ்ஃபோர்ட்டினது. தொடரோ ஐந்தாம் ஆட்டத்துடன் முடிந்துவிட்டது!

அவர் முகங் கோணவில்லை. ஓய்வின் பின்னரும் கல்லூரி ஆட்டங்களுக்கே திரும்பினார்; 1980 இல் மறைந்தார். கதவு தாமதித்துத் திறந்தது. ஆயினும், அது திறக்கும் வரை அவர் சிறிய மைதானங்களை இகழவில்லை. மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது இதுவேயென்பது எமது துணிபு.